பஞ்சும் நெஞ்சும்

மென்மையான பொருள் எது என்று கேட்டால் பஞ்சு என்போம். குழந்தையைப் பஞ்சு மெத்தையில் படுக்க வைக்கிறோம். புண்ணைப் பஞ்சால் துடைக்கிறோம். விளக்குக்குப் பஞ்சில் திரி போடுகிறோம். நாம் உடுத்தும் துணியும் பஞ்சிலிருந்து வருகிறது.

இந்த மென்மையான பஞ்சு மனிதனின் மூச்சை அடைக்குமா? அடைக்கும். பஞ்சு அடைக்காது, பஞ்சிலிருந்து பறக்கும் தூசி அடைக்கும். பல ஆண்டுகள் அந்தத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு ஒரு நோய் வருகிறது. அதன் பெயர் பிஸினோசிஸ். தமிழில் பஞ்சுத் தூசி நோய் என்று சொல்லலாம்.

இது தொற்று நோய் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. இது விதியும் அல்ல. வேலையால் வரும் நோய். ஆகவே வேலை இடத்தைச் சரி செய்தால் தடுக்கக்கூடிய நோய். அது எப்படி வருகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் தடுப்பது? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மில் நகரம் பெங்களூரு

நீலசந்திரா பெங்களூரு நகரின் ஒரு பகுதி. ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஆனேபாளையா ஆகியவை அதன் அக்கம்பக்கம். அங்கே தெருவில் நடந்தால் தமிழ், கன்னடம், உருது மூன்றும் காதில் விழும். உழைத்துப் பிழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் இடம்.

இன்று பெங்களூரு என்றால் கம்ப்யூட்டர் என்கிறார்கள். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரு ஒரு மில் நகரம். 1884 ஆம் ஆண்டு பெங்களூர் உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில் தொடங்கியது. பின்னர் அது பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது. மக்கள் அதைப் பின்னி மில் என்று அழைத்தார்கள். மல்லேஸ்வரம் பக்கம் ராஜா மில் இருந்தது. மினர்வா மில் இருந்தது. தமிழ் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த ஏராளமானோர் இந்த மில்களில் வேலை செய்தார்கள். சங்கு ஊதினால் ஷிப்டு. அந்தச் சங்குதான் பல குடும்பங்களுக்குக் கடிகாரம்.

அந்த மில்கள் இன்று இல்லை. ராஜா மில் இருந்த இடத்தில் 2010 இல் மந்திரி ஸ்கொயர் என்ற பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. 

மில் போனது. பஞ்சு வேலை போகவில்லை. அது சிறிய இடங்களுக்கு இடம் மாறியது. மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிறார்கள். மில்லில் கழித்த பஞ்சை வாங்கி வந்து குடோனில் பிரிக்கிறார்கள். தலையணைக்குப் பஞ்சு அடைக்கிறார்கள். பெரிய மில்லில் கதவு உண்டு, கணக்கு உண்டு, சங்கம் உண்டு. சின்னக் கடையில் பல நேரம் இவை எதுவும் இல்லை. ஆனால் தூசி மட்டும் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இது சொந்தக் கதை. கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலை 1888 இல் வந்தது. இன்று இந்தியாவிலேயே நூற்பாலைகள் அதிகம் உள்ள மாநிலம் தமிழ்நாடு. கிராமத்துப் பெண்கள் ஏராளமானோர் அங்கே வேலை செய்கிறார்கள்.

தூசிக்குள் என்ன இருக்கிறது?

பருத்திச் செடியில் காய் வெடிக்கிறது. பஞ்சு வெளியே வருகிறது. பறிக்கும்போது பஞ்சு மட்டும் வருவதில்லை. காயைச் சுற்றியுள்ள இலைச் சருகு, தண்டுத் துணுக்கு, மண் ஆகியவையும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்தச் சருகில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. அந்தக் கிருமிகளின் உடலில் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. கிருமி செத்தாலும் நச்சு அழிவதில்லை. தூசியோடு கலந்து நிற்கிறது.

மில்லில் பஞ்சுப் பேல் உடைக்கிறார்கள். புளோரூமில் பஞ்சை அடித்துப் பிரிக்கிறார்கள். கார்டிங் மிஷினில் சீவுகிறார்கள். சருகு பொடியாகிறது. தூசி பறக்கிறது. அதனால் புளோரூம், கார்டிங் ஆகிய பகுதிகளில்தான் ஆபத்து அதிகம். நூற்கும் இடத்தில் அதைவிடக் குறைவு. நெய்யும் இடத்தில் இன்னும் குறைவு.

கழிவுப் பஞ்சு என்பது என்ன? மிஷின் சீவித் தள்ளிய பஞ்சு. சருகும் தூசியும் அதில்தான் அதிகம். அந்தக் கழிவுப் பஞ்சைத்தான் சில மெத்தைக் கடைகளில் மீண்டும் போட்டு அடிக்கிறார்கள். ஆகவே கடை சிறியது என்பதால் ஆபத்தும் சிறியது என்று எண்ணக் கூடாது.

துணி தைக்கும் தொழிற்சாலையில் என்ன நிலை? அங்கே வரும் துணி அலசி, வெளுத்து, சாயம் ஏற்றியது. நச்சு பெருமளவு போய்விட்டிருக்கும். அதனால் பஞ்சுத் தூசி நோய் அங்கே வருவது அரிது. ஆனால் கட்டிங் மேஜையில் பறக்கும் பிசிறு மூக்கை உறுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொந்தரவு கூடும். அங்கேயும் காற்றோட்டம் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

மனிதன் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 15 முறை மூச்சு விடுகிறான். ஒரு மணிக்கு எத்தனை? 15 பெருக்கல் 60. அதாவது 900 முறை. எட்டு மணி நேர ஷிப்டில் 7,200 முறை. ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று. ஆக ஒரு ஷிப்டில் 3,600 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. இது சும்மா உட்கார்ந்திருப்பவரின் கணக்கு. மூட்டை தூக்கி, குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவர் இதைவிடப் பல மடங்கு இழுப்பார்.

இனித் தூசியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 1,000 லிட்டர் காற்று பிடிக்கும். அந்தக் காற்றில் 0.2 மில்லி கிராம் பஞ்சுத் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வரம்பு வகுத்தது. 0.2 மில்லி கிராம் என்பது எவ்வளவு? மூன்று நான்கு பொடியுப்புத் துகள்களின் எடை. அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் நெஞ்சுக்குக் கேடு.

கண்ணுக்குத் தெரியும் பெரிய பிசிறு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. எனவே, "தூசியே தெரியவில்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

மூச்சுக்குழல் தலைகீழாக நிற்கும் மரத்தைப் போன்றது. ஒரு தண்டு. அது இரண்டு கிளையாகிறது. கிளைகள் மேலும் மேலும் பிரிகின்றன. கடைசியில் இலைகளைப் போலக் கோடிக்கணக்கான காற்றுப் பைகள் உள்ளன. அங்கேதான் இரத்தம் காற்றை வாங்கிக்கொள்கிறது.

தூசியின் நச்சு பட்டதும் சின்னக் குழல்கள் வீங்குகின்றன. சுற்றியுள்ள தசை இறுகுகிறது. சளி சுரக்கிறது. காற்று போகும் வழி குறுகுகிறது. நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கும். இருமல் வரும். மூச்சு வாங்கும்.

வாரத்தின் முதல் நாள்

இந்த நோய்க்கு ஒரு தனி அடையாளம் உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் தொந்தரவு அதிகம். காலையில் நன்றாக இருக்கும். வேலை தொடங்கிச் சில மணி நேரம் கழித்து நெஞ்சு இறுகும். அடுத்த நாள் குறையும். வாரக் கடைசியில் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். விடுமுறைக்குப் பிறகு மீண்டும் வரும். மேலைநாட்டு மில் தொழிலாளர்கள் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றார்கள்.

ஏன் அப்படி? தினமும் தூசி படும்போது உடல் ஓரளவுக்கு அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு நாள் ஓய்வில் அந்தப் பழக்கம் விட்டுப் போகிறது. மறுபடி தூசி பட்டதும் உடல் திமிறுகிறது.

எல்லோருக்கும் அது திங்கட்கிழமையாக இருக்காது. கடைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் சனிக்கிழமை நெஞ்சு இறுகும். மில்லில் புதன்கிழமை ஓய்வு என்றால் வியாழக்கிழமை இறுகும். கிழமை முக்கியம் அல்ல. விடுமுறைக்குப் பின் வரும் முதல் வேலை நாள் என்பதுதான் முக்கியம்.

நோய் படிப்படியாக வளரும்.

முதல் படி: எப்போதாவது, வாரத்தின் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும்.

இரண்டாம் படி: ஒவ்வொரு வாரமும் முதல் நாளில் இறுகும்.

மூன்றாம் படி: முதல் நாளிலும் மற்ற நாட்களிலும் இறுகும்.

நான்காம் படி: எல்லா நாளும் மூச்சு வாங்கும். மாடிப்படி ஏற முடியாது. ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. வேலையை விட்டாலும் மூச்சு திரும்பாது.

முதல் இரண்டு படிகளில் தூசியை விட்டு விலகினால் நெஞ்சு பெரும்பாலும் தேறிவிடும். நான்காம் படியில் மருந்து சற்று ஆறுதல் தரும். போன மூச்சைத் திருப்பித் தராது. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஓர் உரையாடல்

நீலசந்திராவில் ஒரு மெத்தைக் கடை என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஓர் அக்கா ஒன்பது ஆண்டுகளாகப் பஞ்சு பிரிக்கிறார். அவருக்கு இருமல். சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே செவிலியர் அவரிடம் பேசுகிறார்.

செவிலியர்: எத்தனை நாளா இருமல், அக்கா?

அக்கா: ரெண்டு வருஷமா இருக்குது, சிஸ்டர். வருது, போகுது. மருந்துக் கடையிலே பாட்டில் மருந்து வாங்கிக் குடிப்பேன். நின்னுடும்.

செவிலியர்: சளி பரிசோதனை செஞ்சீங்களா?

அக்கா: செஞ்சேன். டி.பி. இல்லேன்னு சொல்லிட்டாங்க. எக்ஸ்ரேயும் எடுத்தாங்க. அதிலேயும் ஒண்ணும் இல்லையாம். எங்க வீட்டுக்காரரு, "உனக்கு ஒண்ணும் இல்லே, வேலைக்குப் போக சோம்பல்"னு சொல்றாரு.

செவிலியர்: எந்த நாள்லே அதிகமா இருக்குது?

அக்கா: அதையெல்லாம் யார் கவனிச்சா, சிஸ்டர்?

செவிலியர்: நீங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்க இல்லையா?

அக்கா: ஆமா. ராத்திரி வகுப்புலே கத்துக்கிட்டேன். பேரு, தேதி, கணக்கு எல்லாம் எழுதுவேன்.

செவிலியர்: அப்போ ஒரு நோட்டு வாங்குங்க. நாலு வாரம் எழுதுங்க. எந்தக் கிழமை, வேலை உண்டா இல்லையா, காலையிலே நெஞ்சு எப்படி, சாயங்காலம் எப்படி. அவ்வளவுதான்.

அக்கா நான்கு வாரம் எழுதினார். கடைக்கு ஞாயிறு விடுமுறை. நான்கு திங்கட்கிழமையிலும் "சாயங்காலம் நெஞ்சு இறுக்கம்" என்று இருந்தது. வெள்ளி, சனி நாட்களில் "பரவாயில்லை" என்று இருந்தது. ஊருக்குத் திருவிழாவுக்குப் போன நாட்களில் "நன்றாக இருக்கிறது" என்று இருந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் படித்தார். "என்ன வேலை செய்றீங்க அம்மா?" என்று கேட்டார். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன்பும் வேலை முடிந்த பின்பும் ஊதும் பரிசோதனை செய்யச் சொன்னார். மாலையில் மூச்சு குறைந்திருந்தது. நோய் இரண்டாம் படியில் பிடிபட்டது.

எக்ஸ்ரே சொல்லாததை ஒரு நோட்டு சொன்னது.

எக்ஸ்ரேயில் ஏன் தெரியவில்லை?

கல்லுடைப்பவருக்கு வரும் சிலிக்கோசிஸ் நோய் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பஞ்சுத் தூசி நோய்க்கு எக்ஸ்ரேயில் தனி அடையாளம் எதுவும் இல்லை. குழல் குறுகியிருப்பதை ஊதித்தான் பார்க்க வேண்டும். அதற்கான கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். மூச்சை நன்றாக இழுத்து, வேகமாக, முழுவதும் ஊத வேண்டும். வலி இல்லை. ஊசி இல்லை. விடுமுறைக்குப் பின் வரும் முதல் நாளில், வேலைக்கு முன் ஒரு முறை, வேலைக்குப் பின் ஒரு முறை ஊதினால் வித்தியாசம் தெரியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளி பரிசோதனை செய்ய வேண்டும். டி.பி.க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். டி.பி. இல்லை என்றால், நோய் எதுவும் இல்லை என்று பொருள் அல்ல. அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

நீலசந்திராவிலிருந்து ஓசூர் சாலைப் பக்கம் போனால் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி உள்ளது. அதன் அருகே ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையம் உள்ளது. இது அரசு ஆஸ்பத்திரி. மூச்சு நோய்களுக்கென்றே உள்ள இடம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் இந்திரா நகர், ராஜாஜி நகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளுக்குப் போகலாம்.

"என்ன வேலை செய்கிறாய்?"

இத்தாலி நாட்டில் ரமஸ்ஸினி என்ற மருத்துவர் இருந்தார். 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சணலும் ஆளியும் சீவுகிறவர்கள் தூசியால் இருமி அவதிப்படுவதை அதில் குறித்தார். நோயாளியிடம் மருத்துவர் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்றார். "என்ன வேலை செய்கிறாய்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றும் பல டாக்டர்கள் அதைக் கேட்பதில்லை. கூட்டம் அதிகம், நேரம் குறைவு. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். "டாக்டர், நான் பஞ்சு வேலை செய்கிறேன். இத்தனை வருடமாகச் செய்கிறேன். விடுமுறை முடிந்த முதல் நாள் நெஞ்சு இறுகுகிறது." இந்த மூன்று வாக்கியங்கள் போதும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பஞ்சாலைகள் நிறைய இருந்தன. அங்கே இந்த நோயைப் பழுப்பு நுரையீரல் என்று அழைத்தார்கள். மில் முதலாளிகள் பல ஆண்டுகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. புகை பிடித்ததால் வந்த நோய் என்றார்கள். 1975 இல், நோயுற்ற தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து பழுப்பு நுரையீரல் சங்கம் அமைத்தார்கள். மூச்சு வாங்க வாங்க, கூட்டங்களுக்குப் போய்ச் சாட்சி சொன்னார்கள்.

1978 இல் அமெரிக்க அரசு பஞ்சுத் தூசிக்கு வரம்பு வகுத்தது. நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.2 மில்லி கிராம். செலவு அதிகம் என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரம்பு சரிதான் என்று தீர்ப்புச் சொன்னது. மிஷின்களை மூடினார்கள். தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு அங்கே இந்த நோய் வெகுவாகக் குறைந்தது.

பஞ்சும் அதேதான். வேலையும் அதேதான். தூசியைக் குறைத்ததும் நோய் குறைந்தது.

தூசியை எப்படிக் குறைப்பது?

முதல் வழி, தூசி பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது. பஞ்சு அடிக்கும் மிஷினைப் பெட்டி போல மூடலாம். அதன் மேலேயே உறிஞ்சும் குழாயும் பையும் வைக்கலாம். சின்னக் கடையில் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் வைக்கலாம். ஆனால் அது பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, துடைப்பத்தால் பெருக்காமல் இருப்பது. உலர்ந்த தரையைப் பெருக்கினால் படிந்த தூசி மீண்டும் எழும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மில்லில் உறிஞ்சும் மிஷினால் சுத்தம் செய்ய வேண்டும். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவது மிகவும் தவறு. உடம்பில் ஒட்டிய பஞ்சையும் அப்படி ஊதக் கூடாது.

மூன்றாவது, வேலை இடத்தில் சாப்பிடக் கூடாது. வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்க வேண்டும்.

நான்காவது, பீடி, சிகரெட்டை விட வேண்டும். தூசி ஒரு பக்கம் குழலைக் குறுக்குகிறது. புகை இன்னொரு பக்கம் குறுக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கேடு கூடும். பஞ்சு இருக்கும் இடத்தில் தீயும் ஆபத்து.

ஐந்தாவது, முகமூடி. முகத்தில் துண்டோ முந்தானையோ கட்டினால் பெரிய பிசிறு நிற்கும். நுண்தூசி நிற்காது. என்-95 முகமூடி, முகத்தோடு இறுக ஒட்டினால், நுண்தூசியையும் பெரும்பாலும் தடுக்கும். ஆனால் எட்டு மணி நேரம் புழுக்கத்தில் அதைப் போட்டிருப்பது கடினம். ஆகவே முகமூடி கடைசி வழி. "முகமூடி கொடுத்துவிட்டேன், என் வேலை முடிந்தது" என்று முதலாளி சொல்ல முடியாது. தூசியைக் குறைப்பது அவர் பொறுப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சுத் தூசி நோயை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்திருந்தது. அதாவது, இந்த நோயைக் கண்ட டாக்டரும் முதலாளியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் இடத்தில் இப்போது புதிய தொகுப்பு உள்ளது. அதன் பட்டியலிலும் இந்த நோய் இருக்கிறது. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு, வேலையால் வந்த நோய் வேலையில் பட்ட காயத்துக்குச் சமம். மருத்துவக் குழு பரிசோதித்து, மூச்சுத் திறன் எவ்வளவு குறைந்தது என்று சொல்லும். அதற்கு ஏற்ப உதவித் தொகை உண்டு. 2019 ஜூலை முதல் இத்திட்டத்துக்குத் தொழிலாளி சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு கட்டுகிறார். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். உங்கள் சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இருக்கிறதா? எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.

1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. அது கல்நார் தொழிலாளர்களின் வழக்கு. தொழிலாளியின் உடல் நலம் அவருடைய உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. வேலையில் இருக்கும்போது மட்டும் அல்ல, ஓய்வு பெற்ற பிறகும் அந்த உரிமை உண்டு என்றது. தூசி நோய் வேலையை விட்ட பிறகும் நெஞ்சில் தங்கும் என்பதை நீதிமன்றமும் ஏற்றது.

மூடிய மில்களின் பழைய தொழிலாளர்கள் பலர் இந்த நோயின் பெயரைக் கூடக் கேட்டதில்லை. வயதாகிவிட்டது, அதனால் இளைப்பு என்று எண்ணினார்கள். சிலர் டி.பி. என்று நம்பினார்கள். நோய்க்குப் பெயர் இல்லாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் பணமும் இல்லை. இனி அப்படி நடக்கக் கூடாது. வேலையில் இருக்கும்போதே நோயைப் பதிவு செய்ய வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, ஊதும் பரிசோதனைத் தாள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டுப் பத்திரமாக வைக்க வேண்டும். மில் மூடினாலும் அந்தக் காகிதம் பேசும்.

நினைவில் கொள்க

பஞ்சுத் தூசி நோய் பரவாது. ஆனால் வளரும்.

விடுமுறைக்குப் பின் முதல் நாள் நெஞ்சு இறுகினால் கவனிக்க வேண்டும்.

எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் ஊதிப் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் நம் வேலையைச் சொல்ல வேண்டும்.

முகமூடிக்கு முன் தூசியைக் குறைக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் தூசியில் வேலை செய்பவர்கள் யார் யார்? என்ன தூசி?

2. மேலே சொன்ன அக்காவின் கணவர் அவரைச் சோம்பல் என்றார். அவருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

3. சின்னக் கடை முதலாளியிடம் ஃபேன் வைக்கச் சொல்லி ஒருவர் தனியாகக் கேட்பது நல்லதா, எல்லோரும் சேர்ந்து கேட்பது நல்லதா? ஏன்?

எழுதிப் பழகுங்கள்

கீழே உள்ளதுபோல் உங்கள் நோட்டில் ஏழு நாளுக்கும் எழுதுங்கள். இருமல் உள்ள ஒருவருக்கு இதைக் கற்றுக் கொடுங்கள். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

தேதி:
கிழமை:
இன்று வேலை உண்டா?
காலையில் நெஞ்சு எப்படி?
மாலையில் நெஞ்சு எப்படி?

புதிய சொற்கள்

நுரையீரல், மூச்சுக்குழல், நுண்தூசி, கழிவுப் பஞ்சு, பரிசோதனை, நியமனக் கடிதம், உதவித் தொகை, உரிமை.